சேறு பூசிய குட்டிகள்

அந்தக் காலத்தில் செம்மறி ஆடுகள் நம்மைப் போலவே வாய் திறந்து பேசின. அதுவும் ஊருக்கு ஊர் ஒரு பேச்சு. வேம்பூர்ப் பொட்டாடு "ஏலே, வாலே" என்று இழுக்கும். மேச்சேரி ஆடு "ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று மரியாதை கொடுத்துத்தான் அடுத்தவர் புல்லில் வாய் வைக்கும். கீழக்கரிசல் ஆடு எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வருவது போலப் பேசும். மனசில் ஒன்றும் இருக்காது.

மேய்ச்சல் முடிந்து தாய்கள் திரும்பும்போது குட்டிகள் ஓடிவரும். தாய் கேட்கும்: "ஆரு பெத்த பிள்ளை?" குட்டி தன் தாயின் பெயரைச் சொல்லும். அவ்வளவுதான், தாய் காலை அகட்டி மடியைக் கொடுக்கும். திரும்பிக்கூடப் பார்க்காது. பார்ப்பானேன்? பொய் என்ற ஒன்று மந்தைக்குள் இன்னும் நுழையவில்லை. மனுசனிடம் இருந்தது, அதை அவன் தன்னோடு வைத்திருந்தான்.

செம்பொட்டி என்று ஒரு வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்மண் அப்பினது போல அங்கங்கே பொட்டு. தலையீத்து, இதுதான் முதல் பிள்ளை. குட்டி போட்டதிலிருந்து அவளுக்குப் புல் இறங்கவில்லை. குட்டி அப்படி. கால் ஒவ்வொன்றும் துவரைக் குச்சி மாதிரி, எழுந்து நின்றால் காற்றுக்கு ஆடியது. சின்னப்பொட்டன் என்று பேர் வைத்தாள். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும் முன் ஒரு தடவை, இரண்டு வேளையும் அவள் பால் போனால்தான் அதற்கு உயிர் நிற்கும் என்ற நிலை. ஒரு வேளை தப்பினாலும் அம்புட்டுத்தான். அது அவளுக்குத் தெரியும், மந்தைக்கே தெரியும்.

"எல்லாரும்தான் பெத்தோம். நீ என்னமோ உலகத்துல இல்லாத பிள்ளையப் பெத்துட்ட மாதிரி அஞ்சு எட்டுக்கு ஒருக்கா திரும்பித் திரும்பிப் பாக்கிறியே" என்று கருவாச்சி கேலி செய்தாள். கருவாச்சி கீழக்கரிசல்காரி. அவள் மகனுக்குத் தடியன் என்று பேர், பேருக்கேற்ற உடம்பு. அவளுக்கு என்ன கவலை!

கோடைக்காலம். பருத்தி எடுத்து முடிந்த ஒரு கரிசல் காட்டில் மூன்று மந்தைக்காரர்கள் ஒன்றாக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். ஒலகுமுத்துவுக்கு வேம்பூர் மந்தை. சக்கணனுக்குக் கீழக்கரிசல். மேற்கே இருந்து நாச்சிமுத்து மேச்சேரி ஆடுகளை ஓட்டி வந்திருந்தான். மூவரும் வருசா வருசம் சந்திக்கிற கூட்டாளிகள். சேர்ந்தால் வாய் சும்மா இருக்காது.

அன்று உச்சிப்பொழுது. தாயாடுகளை நாய்களின் பொறுப்பில் விட்டுவிட்டு மூவரும் உடைமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கூடாப்பு, அதாவது குட்டிகளை அடைத்து வைக்கும் கவிழ்த்த பெரிய கூடை. ஒலகுமுத்து வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஏலே, குட்டிய எம்முன்னால நிறுத்து. பொறந்த மண்ணு எதுன்னு சொல்லிருவேன்."

"போன வருசம் சந்தையில செம்மறிக் கிடாய்னு நெனச்சு வெள்ளாட்டை வெலை பேசுனவன்தானப்பா நீயி?" என்றான் நாச்சிமுத்து.

"அன்னைக்குக் கண்ணுல தூசி."

"பொட்டு இருந்தா வேம்பூரு, வயிறு கருத்திருந்தா என் ஆடு, செவந்திருந்தா மேச்சேரி. இதை எங்க வீட்டுக் கோழி சொல்லும்லே" என்றான் சக்கணன். "நிறம் தெரியாமச் சொல்லு, நீ ஆம்பள."

ஊருணிப் பள்ளத்தில் கடைசிச் சேறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. நல்ல கரிசல் சேறு. எடுத்துவந்து ஒவ்வொரு குட்டிக்கும் மூக்கிலிருந்து குளம்பு வரைக்கும் அப்பினார்கள். காதை மடக்கி அப்பினார்கள், கீழக்கரிசல் குட்டிகளின் தாடையில் தொங்கும் சின்னச் சதையைக்கூட மூடி அப்பினார்கள். தோற்றவன் கழுதை மாதிரிக் கத்த வேண்டும் என்பது பந்தயம்.

ஒலகுமுத்து முதல் குட்டியைத் தூக்கி, வயிற்றைத் தடவி, "வேம்பூரு" என்றான். குட்டி "இல்லீங்க" என்றது. ஒலகுமுத்து கழுதையாகக் கத்தினான்.

அதிலேதான் வினை வந்தது. வாயைத் திறந்தால் குட்டி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்புறம் போட்டியில் என்ன சுவை? ஒலகுமுத்து, பேச்சை வைத்துத் தன் மந்தை என்று தெரிந்த ஒரு பொட்டுக்குட்டியின் காதில் குனிந்து சொன்னான்: "நாச்சிமுத்து கேட்டா மேச்சேரின்னு சொல்லு. அவன் ஊர்ப் பேச்சுலயே சொல்லணும். ஏமாத்துனா நீ கெட்டிக்காரன்."

சின்னப்பொட்டனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நாச்சிமுத்து முன்னால் நின்று மெல்லிய குரலில், "நான் மேச்சேரிங்க" என்றது. நாச்சிமுத்து அப்படியே நம்பிவிட்டான். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாச்சிமுத்து கழுதையாகக் கத்தினான். குட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பார்த்து மற்ற குட்டிகளும் ஒன்றின் பேச்சை ஒன்று பேச ஆரம்பித்தன. சொன்னால் சிரிக்கிறார்கள், சிரித்தால் தட்டிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

எட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்த செம்பொட்டிக்குச் சிரிப்பும் கழுதைச் சத்தமும் மட்டும்தான் கேட்டது.

"அங்க என்னமோ நடக்கு" என்றாள்.

"கூட்டாளிக கூடுனா அப்படித்தான். மேயி" என்றாள் கருவாச்சி.

மேய முடியவில்லை. காய்ந்த பருத்திச் செடியின் இலை வாய்க்குள் மரத்தூளாகக் கிடந்தது. எப்போதடா பொழுது சாயும் என்று நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகருவேனா என்றது.

ஒருவழியாக வெயில் தாழ்ந்து, நாய்கள் மந்தையைத் திருப்பின. செம்பொட்டி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். கூடாப்பைத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து வந்தது அத்தனையும் கறுப்பு. பொட்டும் இல்லை, சிவப்பும் இல்லை, சேற்றுக் கனத்தில் மெலிந்தது எது கொழுத்தது எது என்றும் தெரியவில்லை. ஒரே சேற்றில் பிடித்த பிள்ளையார்களாகக் குட்டிகள் நாலாபக்கமும் ஓடிவந்தன. எது தன் பிள்ளை என்று செம்பொட்டிக்குத் தெரியவில்லை. ஆனாலும் என்ன, கேட்டால் தெரிந்துவிடப் போகிறது.

"ஆரு பெத்த பிள்ளை?"

"செம்பொட்டி பெத்தது!" என்று ஒரு குட்டி வந்து மடியில் முட்டியது. அப்பாடா என்று காலை அகட்டினாள். குட்டி இழுத்து இழுத்துக் குடித்தது. 'பரவாயில்லையே, இன்னைக்கு நல்ல பசி, நல்ல தெம்பு' என்று சந்தோசப்பட்டாள்.

அப்போது இன்னொரு குட்டி தள்ளாடிக்கொண்டு வந்தது.

"ஆரு பெத்த பிள்ளை?"

குட்டி, மத்தியானம் எல்லோரையும் சிரிக்க வைத்த அதே குரலில், "நான் மேச்சேரிங்க" என்றது. அம்மாவும் சிரிப்பாள் என்று நினைத்தது.

"போ, உன் ஆத்தாகிட்டப் போ" என்று செம்பொட்டி தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு முட்டினாள். குட்டி உருண்டு போய் விழுந்தது. எழுந்து, உடைமரங்கள் பக்கம் நடந்தது. அவள் அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் கருவாச்சி வந்தாள். "ஏ, எம்மகன் தடியனைப் பாத்தியா? எங்கிட்ட வரவே இல்ல."

செம்பொட்டியின் மடிக்குக் கீழே களுக்கென்று சிரிப்புச் சத்தம். கருவாச்சி குனிந்து பார்த்தாள். அசைந்த தாடையிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்து, உள்ளேயிருந்து சின்னச் சதை இரண்டு தொங்கின.

"அத்தை ஏமாந்துட்டா!" என்று குதித்தது தடியன்.

ஒரு காம்பு சுத்தமாக வற்றிப்போயிருந்தது. செம்பொட்டி, "அப்ப எம்புள்ள எங்க?" என்று அலறினாள். மந்தை முழுக்க இதே கூச்சல்தான். எந்தத் தாய் கேட்டாலும் எல்லாக் குட்டியும் "நாந்தான், நாந்தான்" என்றன. பசியில் சொன்னது பாதி, விளையாட்டில் சொன்னது பாதி. மூன்று கூட்டாளிகளுக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒலகுமுத்து குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை ஒரு குட்டிமேல் ஊற்றித் தேய்த்துப் பார்த்தான். காய்ந்த கரிசல் லேசில் விடுமா? பானைதான் காலியானது.

"எது எந்தக் குட்டின்னு சொல்லுலே, நீதான பெரிய இவன்" என்று சக்கணன் கத்தினான்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டனா" என்று ஒலகுமுத்து அழாத குறையாகச் சொன்னான்.

நாச்சிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "அந்த நோஞ்சான் பொட்டுக்குட்டிய நெனச்சாத்தான் பயமா இருக்குது. என்ன அழகா எம்பேச்சைப் பேசுச்சு. மேச்சேரிங்கன்னு சொல்லி என்னையே ஏமாத்திப் போட்டுது."

செம்பொட்டி காதில் அது விழுந்தது. மேச்சேரிங்க. அவள் முட்டின குட்டி. அவள் கையாலேயே, இல்லை, அவள் தலையாலேயே முட்டித் தள்ளின குட்டி.

ஓடினாள். அது நடந்து போன திசையில் உடைமரங்களுக்குப் பின்னால் பாதி மந்தைக் குட்டிகள் களைத்துக் கிடந்தன. எல்லாம் கறுப்பு, சேறு அப்பியதில் எல்லாம் ஒரே பருமன். பொழுது மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு காம்புப் பால். தப்பான வாய்க்குப் போனால் அடுத்த பால் ஊறுவதற்குள் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"சின்னப்பொட்டா! ஏலே ராசா!"

"அம்மா, நாந்தாம்மா" என்று ஒன்று எழுந்துவந்தது. அதன் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "பசிக்கும்மா, நீ முட்டுன எடம் வலிக்கும்மா."

இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? செம்பொட்டி காலை அகட்டப் போனாள். ஆனால் முட்டினதை மந்தையே பார்த்திருந்ததே. காலைச் சேர்த்துக்கொண்டாள். வார்த்தையை நம்பி ஒருதரம் கொன்றாயிற்று, இன்னொருதரம் கொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. கேட்பதையே நிறுத்தினாள். காதைத் தொங்கவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் கிடக்கிற குட்டிகள் மேல் கொண்டுபோனாள். நெற்றியில் சேற்று வாடை. முதுகில் சேற்று வாடை. கால், காது, வயிறு எல்லாம் ஊருணி வாடை.

ஓரத்தில் ஒரு குட்டி பேச்சில்லாமல் கிடந்தது. அதன் வாலுக்கடியில் மூக்கு போனதும் அவள் நின்றுவிட்டாள். முட்டு வாங்கின பயத்தில் குட்டி மஞ்சளாகக் கழிந்து வைத்திருந்தது. சேற்றுக்கு மேலே, புதுசாக. பின்னால் வந்த கருவாச்சி, "சீ, அங்கே போயி மூக்கை வைக்கிறியே" என்று முகத்தைத் திருப்பினாள். செம்பொட்டிக்கு அது அசிங்கமாகவே படவில்லை. காலையில் அவள் கொடுத்த பால் அது. உள்ளே போய், பாதி வெளியே வந்திருந்தது; என்ன உருவத்தில் வந்தாலும் அவளுடையது. கருவேலங்காய் தின்று ஊறின தன் பாலின் வாடை அவளுக்குத் தெரியாதா?

"எழுந்திரிலே. அம்மா வந்துட்டேன்."

குட்டி கண்ணைத் திறந்தது. எழவில்லை. செம்பொட்டி மண்ணில் மண்டிபோட்டு, காம்பை அதன் வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தாள். உதடு அசையவில்லை. ஒரு சொட்டு தானாக விழுந்தது. இன்னொரு சொட்டு. கருவாச்சிகூடக் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு நாக்கு அசைந்தது. பிறகு இழுத்தது.

பாதிக் குடித்ததும் சின்னப்பொட்டன் கேட்டது: "ஏம்மா என்னைய முட்டுன?"

"நீ வேற ஊர் பேரு சொன்னியேடா."

"வெளையாட்டும்மா."

செம்பொட்டி தான் முட்டின இடத்தை நக்கிக்கொடுத்தாள். குட்டியே சொன்னது: "இனிமே என்னையக் கேக்காதம்மா. மோந்து பாரு."

அதைப் பார்த்து மற்றத் தாய்களும், கழிந்து கழிந்து சேறு விட்டிருந்த வாலடியில் மூக்கை வைத்துத் தங்கள் தங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்தன. கருவாச்சியும்தான். மறுநாள் குட்டிகள் "இனி உண்மையே சொல்லுவோம்" என்று சத்தியம் செய்தன. தாய்கள் காது கொடுக்கவில்லை. கேட்பாரில்லாத பேச்சு எத்தனை நாளைக்கு இருக்கும்? தேய்ந்து தேய்ந்து, 'மே' என்கிற ஒரு சத்தம்தான் மிஞ்சியது. சேறு தானாக உதிர்ந்து நிறம் வெளியே தெரிந்த பிறகும் தாய்கள் நிறத்தை நம்பவில்லை. கூட்டாளிகள் மூவரும் மறுபடி கூடினார்கள், சிரித்தார்கள். குட்டிகள் பக்கம் மட்டும் போகவில்லை.

அன்று முதல்தான் எந்தச் செம்மறித் தாயும், பெற்ற பிள்ளையே கத்திக்கொண்டு ஓடிவந்தாலும், அதன் வாலை மோந்து பார்க்காமல் மடி கொடுப்பதில்லை. குட்டியும் குடித்து முடிக்கிற வரைக்கும், எங்கே மறுபடி முட்டிவிடுவாளோ என்கிற பயத்தில், வாலை ஆட்டி ஆட்டித் தன் வாடையைத் தாய்க்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.