மாடிப்படிக்கு மேலே ஒரு ஃபேன்

“ஒத்தை ஆளா நின்னு மாடிப்படிக்கு மேல ஃபேன் மாட்டணும். அதுக்கு ஒரு வழி சொல்லிக் குடுங்கம்மா” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

கேட்டது அற்புதமேரியிடம். கோவில்பட்டியில் சின்னதாக எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். ஆவுடையப்பனைவிட இருபத்தைந்து வயது இளையவர். தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு ஆவுடையப்பன் அவரிடம்தான் முறையாக வேலை பழகிக்கொண்டிருந்தார். வெளியே பேசும்போது “எங்க வாத்தியாரம்மா” என்பார்.

அற்புதமேரி வயரைச் சுருட்டிக்கொண்டே, இத்தனை நாள் எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டார்.

ஆவுடையப்பன் மனக்குறையைக் கொட்டினார். முப்பத்திரண்டு வருஷமாக வீட்டில் கரண்ட் வேலை எல்லாம் அவர் ஒருவரே பார்த்திருக்கிறார். ஒரு நாளும் ஆள் வைத்ததில்லை. இப்போது கீழ்வீட்டுச் சூடெல்லாம் படிவழியே ஏறி மாடியில் தங்கிவிடுகிறது என்று புது ஃபேன் வாங்கினார். ஏணியையும் சாத்தினார். மனைவி செண்பகவல்லி மாட்டேன் என்றுவிட்டாள்.

“அவ ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான். அதுக்கும் மாட்டேங்கிறா.”

“ஏனாம்?”

“சொல்லலை. உள்ள போயிட்டா.”

நாலு நாளாக ஃபேன் பெட்டி படியடியில் கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிப் போய் வந்தார்கள். சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

அற்புதமேரி வழி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வரச் சொன்னார். அங்கேயும் மாடிப்படிக்கு மேலேதான் ஃபேன் மாட்ட வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் ஆசையாகப் போனார். படி திரும்பும் இடத்தில் ஏணி சாத்தியிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏணியின் முதல் படியில் கால் வைத்தார்.

“நீங்க புடிங்க சார்” என்றார் அற்புதமேரி.

“நான் ஏறிப் பழக வேண்டாமா?”

“புடிங்க.”

பிடித்தார்.

மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு அற்புதமேரி மேலே போனார். ஏணிக்கு ஒரு சாண் தள்ளிப் படிகள் சரிந்து இறங்கின. கீழே வெறும் சிமெண்ட் தரை.

ஐந்து நிமிஷத்தில் ஆவுடையப்பனுக்கு மூக்கு அரித்தது. கையை எடுக்க முடியவில்லை.

சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் அண்ணாந்து பார்த்தார். மேலே இருப்பவரின் பாதம் நகர்ந்தபோதெல்லாம் ஏணியைச் சுவரோடு அழுத்தினார்.

அரைமணி ஆயிற்று. கழுத்து மரக்கட்டை மாதிரி ஆனது. உள்ளே பிள்ளைகள் டைப் அடிக்கிற சத்தம் விடாமல் கேட்டது.

மேலிருந்து ஒரு திருகாணி நழுவி, படிப்படியாகத் தத்திக் கீழே ஓடியது. ஆவுடையப்பன் எடுக்கப் போனார்.

“விடாதீங்க சார். அது கெடக்கட்டும்.”

அப்படியே நின்றார்.

சமையல்கட்டு ஃபேன் மாட்டிய நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் ஒரு திருகாணி விழுந்தது. எடுத்துக்கொடு என்று கத்தினார். செண்பகவல்லி குனிந்து எடுத்தாள். ஏணியை ஏன் விட்டாய் என்று அதற்கும் கத்தினார். அவள் திருகாணியை நீட்டிவிட்டு மறுபடி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் அப்போது மூத்தவன்.

ஆவுடையப்பன் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இறக்கைகளை மாட்டி முடித்து அற்புதமேரி இறங்கி வந்தார். ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. சுவிட்ச் பக்கம்கூடத் திரும்பவில்லை. ஆவுடையப்பன் முன்னால் வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப நன்றி சார். நீங்க கீழ நின்னதால எனக்கு பயமில்லாம இருந்துச்சு.”

ஏணியிலிருந்து இறங்கியதும் முதலில் சுவிட்சைத் தட்டி அண்ணாந்து பார்ப்பதுதான் ஆவுடையப்பனின் வழக்கம். பக்கத்தில் நின்றவளைப் பார்த்ததாக ஒரு நாளும் ஞாபகம் இல்லை.

கேட்க வந்ததைக் கேட்காமலே வீட்டுக்கு நடந்தார்.

செண்பகவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு காம்பை எடுத்து உருவத் தொடங்கினார்.

“கழுத்து வலிக்குமா?” என்று கேட்டார்.

அவள் கை நின்றது. “இடது பக்கம். பத்து வருஷமா இருக்கு” என்றாள்.

“சொல்லவே இல்லையே.”

“நீங்க மேல இருப்பீங்க.”

ஆவுடையப்பன் கீரையைக் கீழே வைத்தார். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

“நன்றி.”

“எதுக்கு?”

“ஹால் ஃபேனுக்கு. சமையல்கட்டு ஃபேனுக்கு. வாசல் டியூப்லைட்டுக்கு. மூத்தவன் ரூமுக்கு. பரண்ல பல்பு போட்டதுக்கு.” ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். வேறு எதுவும் நினைவுக்கு வராமல் நிறுத்தினார்.

செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மாடி ரூமை விட்டுட்டீங்க” என்றாள்.