மிஸ்டர் கை அசைத்த நாள்

"மிஸ்டர், என் பசங்க சொல்பேச்சு கேக்கறதில்லை."

வந்ததும் வராததுமாக நெவியோ இப்படித்தான் ஆரம்பித்தான்.

இத்தாலியில் கால்பந்து கோச்சை எல்லாரும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது நெவியோவும் ஒரு கோச். அவனையும் பசங்க அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அவனுக்கு மிஸ்டர் என்றால் தன் பழைய கோச் ஒர்லாண்டோ ஒருவர்தான்.

ஒர்லாண்டோ சமையலறையில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை தோத்தா டீம் கீழ்ப் பிரிவுக்குப் போயிடும். என் வேலையும் போச்சு."

"யார் கேக்கலை?"

"தாரியோன்னு ஒருத்தன். வலது ஓரத்துல நில்லுன்னா நடுவுல போய் நிக்கறான். தொண்டை கிழியக் கத்தறேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்."

"கோல் போடறானா?"

"போடறான். அது வேற விஷயம்."

வேற விஷயமாம்! ஒர்லாண்டோ ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை அவனை வெளியே உக்கார வைக்கப் போறேன். நாங்க உங்ககிட்ட இப்படியா இருந்தோம்? நீங்க கண்ணைக் காட்டினா போதும்."

"அப்படியா?"

"கோப்பை ஃபைனலை மறந்துட்டீங்களா? ஆட்டம் முடியற நேரம். இடது பக்கக் கோட்டுக்கு வெளியே நின்னு, கையை அசைச்சுக் கூப்பிட்டீங்க. உங்க பக்கம் ஓடி வந்தேன். பந்து நேரா என் கால்ல வந்து விழுந்தது. அடிச்சேன்."

அந்த ஒரு கோலில்தான் நெவியோ ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கினான். கோச் வேலை கிடைத்ததும் அதனால்தான். கேட்கிறவர்களிடமெல்லாம் "மிஸ்டர் சொன்னார், செஞ்சேன்" என்பான். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். மனசார நம்பினான், பாவம்.

ஒர்லாண்டோ கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"அன்னிக்கு நீ ரொம்ப மோசமா ஆடினே."

நெவியோ நாற்காலியை முன்னால் இழுத்தான்.

"உன்னை மாத்திடலாம்னுதான் வெளியே கூப்பிட்டேன்."

நெவியோவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஜன்னலைப் பார்த்தான். மேஜையைப் பார்த்தான்.

"நான் வெளியே வரலையே, மிஸ்டர். நீங்க என்ன செஞ்சீங்க?"

"உனக்குப் பதிலா இறங்க நின்னவனை, போய் உக்காருன்னு சொல்லிட்டேன்."