முயல் தள்ளி வைத்த புல்

கருவேலங்காட்டுக் குளக்கரையில் ஒரு மான் கூட்டம் இருந்தது. அதில் செவலை என்று ஒரு தாய்மான். பாறையில் வழுக்கி விழுந்ததில் அதன் இடுப்பு மூட்டு நொறுங்கிப் போனது.

மரங்கொத்திதான் அந்தக் காட்டுக்கு வைத்தியர். உடைந்த மூட்டை எடுத்துவிட்டு, வைரம் பாய்ந்த தேக்கில் புது மூட்டு செதுக்கி வைத்துத் தைத்தது.

"என் வேலை முடிந்தது. இனிமேல் கொக்கு சொல்கிறபடி கேள்" என்று சொல்லிப் பறந்துவிட்டது.

ஒற்றைக்காலில் நிற்கப் பழக்குவதற்குக் கொக்கை விட்டால் யார் இருக்கிறார்கள்? மறுநாள் காலையிலேயே வந்தது.

"எழுந்திரும்மா! காலை மடக்கிப் படுக்காதே. நாலு அடி வை பார்ப்போம்!"

"ஐயோ, உயிர் போகுதே!" என்று செவலை கத்தியது.

பக்கத்து வளையிலிருந்து முயல் ஓடி வந்தது. அது செவலையின் உயிர்த் தோழி.

"ஏய் கொக்கே! நேற்றுத்தானே தைத்தது? அதுக்குள்ள நடக்கச் சொல்றியே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா?"

"நடக்காவிட்டால் கால் இறுகிப் போகும்."

"மீனை உயிரோடு விழுங்குகிறவன் பேச்சு வேற எப்படி இருக்கும்? போ, போ!"

செவலை காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. வலியிலிருந்து தப்பித்தோம் என்றிருந்தது அதற்கு. கொக்கு போய்விட்டது.

அன்றிலிருந்து முயல் இளம்புல்லாகப் பார்த்துக் கடித்து வந்து வாயில் ஊட்டியது. இலையில் தண்ணீர் கொண்டுவந்தது. "கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்!" என்று காடே மெச்சியது.

பத்து நாள் போனது. வலி குறைந்துவிட்டது. செவலை எழுந்து பார்த்தது. கால் மரக்கட்டை மாதிரி நின்றது. தொப்பென்று விழுந்தது.

அதே நாளில் கூட்டத்தின் தலைவர் வந்தார்.

"குளம் வற்றுது. எட்டாம் நாள் ஆற்றுக்குக் கிளம்புகிறோம். யாருக்காகவும் காத்திருக்க முடியாதம்மா. குட்டிகள் தாகத்தில் செத்துவிடும்."

செவலையின் குட்டி இன்னும் பால்குடி. "அம்மா வராவிட்டால் நானும் போகமாட்டேன்!" என்று தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது.

முயல் அதைக் கேட்டது. ஒரே ஓட்டமாகக் கொக்கிடம் போனது.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். வந்து பாருங்க!"

"வருகிறேன். நீயும் ஒரு வேலை செய்யணும். நாளையிலிருந்து புல்லை ஊட்டாதே. நாலடி தள்ளி வை."

"அக்கா என்னை வைவாளே!"

"வையட்டும்!"

மறுநாள் முயல் அப்படியே செய்தது.

"அடியே, பசிக்குதடி. கொஞ்சம் இப்படித் தள்ளு."

"மாட்டேன்! வேணும்னா எழுந்து வந்து தின்னு!"

"நீயுமா இப்படி மாறிட்டே? பாவி!"

மரத்தில் இருந்த அணில், "நடக்க முடியாதவளுக்குப் புல்லைக் காட்டி ஏய்க்கிறாளே, இதெல்லாம் ஒரு சிநேகமா!" என்று ஊரெல்லாம் சொன்னது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தது. ஆனால் புல்லை நகர்த்தவில்லை.

ஆத்திரத்தில் செவலை எழுந்தது. கொக்கு பக்கத்தில் நின்று, "அப்படித்தான். மூச்சை அடக்காதே" என்றது. நாலடி நடக்க அரைப் பொழுது ஆனது. அடுத்த நாள் புல் பத்தடி தள்ளியிருந்தது. அதற்கடுத்த நாள் இருபதடி.

ஐந்தாம் நாள் செவலைக்குத் தெம்பு வந்து குதிக்கப் பார்த்தது.

"குதிக்காதே! மூட்டு புதுசு. சதை அதைப் பிடித்துக்கொள்ள நாள் வேணும்!" என்று கொக்கு அதட்டியது.

எட்டாம் நாள் கூட்டம் கிளம்பியது. செவலை எல்லாருக்கும் கடைசியில் நடந்தது. குட்டியும் முயலும் கூடவே வந்தன. வழியில் ஒரு மேடு.

"ஏறும்போது நல்ல கால் முன்னால்! இறங்கும்போது புது மூட்டுக் கால் முன்னால்!" என்று மேலே பறந்தபடி கொக்கு கத்தியது.

கூட்டம் மதியமே ஆற்றை அடைந்துவிட்டது. செவலை போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது. குட்டியும் தாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன.

"உன்னை எத்தனை திட்டினேன்டி!" என்றது செவலை.

"இன்னும் திட்டுக்கா. நாளைக்கும் நடக்கணுமாம், கொக்கு அண்ணன் சொல்லிட்டார்!" என்றது முயல்.

வலிக்குமே என்று படுக்க வைக்கிற அன்பைவிட, வலித்தாலும் எழுப்பி நடக்க வைக்கிற அன்பே நோயாளியைக் கரை சேர்க்கும்.