மூன்று திட்டும் ஒரு கிழங்கும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், மந்திரவாதிகளுக்கும் தோட்ட ஆசை இருந்த காலத்தில், கடம்பக்கோட்டையில் சூலகண்டன் என்றொரு மந்திரவாதி இருந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே பூ ரோஜா. தோட்டம் முழுக்க ரோஜாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

தோட்டக்காரன் வேலப்பன் பயப்படாமல் சொன்னான்: “சாமி, மண்ணும் வெயிலும் எதைக் கேக்குதோ அதைத்தான் நட முடியும்.”

அவ்வளவுதான்! மந்திரவாதி கோலை ஆட்டினான். வேலப்பன் புங்கமரத்தடியில் கல்லாய் நின்றுவிட்டான்.

அவன் மனைவி மருதாயி ஓடி வந்தாள். அழுதாள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மந்திரவாதி முன்னால் போய் நின்றாள்.

“என் வீட்டுக்காரர் சொன்னது நெசம். நான் காட்டுறேன்.”

“காட்டு பார்ப்போம்! மணல் திட்டு, சேற்றுத் திட்டு, மரத்தடித் திட்டு. மூன்றிலும் ஒரே ஒரு முறைதான் நடலாம். மூன்று வருஷம் கழித்து வருவேன். மூன்றும் உயிரோடு இருந்தால் உன் புருஷன் உனக்கு. ஒன்று செத்திருந்தாலும் நீயும் கல்!”

மந்திரத் தோட்டம் அல்லவா, அங்கே மண் பேசும். ஆனால் கேட்டால்தான் பேசும். சூலகண்டன் ஒருநாளும் கேட்டதில்லை.

“மண்ணே, உனக்கு யாரைப் பிடிக்கும்?” என்றாள் மருதாயி.

“எங்கிட்ட தண்ணி நிக்காது, நாள் பூரா வெயில்” என்றது மணல். அங்கே நித்தியகல்யாணியை நட்டாள்.

“மண்ணே, உனக்கு யாரைப் பிடிக்கும்?”

“எனக்கு எப்பவும் ஈரம்” என்றது சேறு. அங்கே கல்வாழையை நட்டாள்.

“மண்ணே, உனக்கு யாரைப் பிடிக்கும்?”

“இலை இடுக்குல விழுற வெயில்தான் எனக்கு. வர்றவங்க கோடையில தூங்கணும், மழையில எழுந்திருக்கணும்” என்றது மரத்தடி. அங்கே செங்காந்தள் கிழங்கைப் புதைத்தாள்.

வருஷா வருஷம் மூன்று திட்டும் பூத்தன. காந்தள் கொடி வேலப்பன் தோள்மேல் ஏறிப் பூத்தது.

மந்திரவாதி லேசுப்பட்டவனா? வைகாசி வெயில் முடியும் நேரம் பார்த்து வந்தான். மணலில் நித்தியகல்யாணி சிரித்தது. சேற்றில் கல்வாழை நிமிர்ந்து நின்றது. மரத்தடியில் வெறும் மண்!

“செத்துப்போச்சு!” என்று குதித்தான்.

“சாகல. தூங்குது” என்றாள் மருதாயி.

“யாரிடம் கதை விடுகிறாய்? நானே தோண்டிக் காட்டுகிறேன்!”

கையாலேயே தோண்டினான். கிழங்கு வந்தது. அதன் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு பச்சை.

“ஐயோ, முளை விட்டிருக்கிறதே!” என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

கல் வெடித்தது! தன் வாயாலேயே தோற்றதால், சூலகண்டன் கற்ற மந்திரம் எல்லாம் அந்த நொடியே மறந்துபோயிற்று. வேலப்பன் கண் திறந்தான்.

“எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேதான் நின்னேன், புள்ள. மூணு வருஷத்துல ஒருநாளாச்சும் உக்காந்து சாப்பிட்டியா?”

மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து மருதாயி அப்போது அழுதாள்.

தோட்டம் அவர்களுடையதாயிற்று. சூலகண்டனா? கல்வாழைக்குத் தண்ணீர் சுமக்கிறான். அவர்கள் சோறு உண்ண உட்கார்ந்துவிட்டார்கள், நாமும் எழுந்து கைகழுவப் போவோம்.