பொந்துக்குள் பேசிய மரங்கொத்தி

மலையடிவாரக் காடு ஒன்றில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு பெரிய பொந்து இருந்தது. அதற்குள் தலையை நுழைத்துப் பேசினால் குரல் காடு முழுவதும் எதிரொலிக்கும். ஆகையால், விலங்குகளும் பறவைகளும் தமக்குத் தெரிந்த செய்திகளை அங்கே வந்து சொல்லிச் செல்வது வழக்கம். கேட்பவர் முகம் மட்டும் பேசுபவருக்குத் தெரியாது.

ஒருநாள் மந்தி ஒன்று அப்பொந்தில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எவரும் தொடக் கூடாது என்றும், பிறர் வாடை பட்ட குஞ்சைத் தாய்ப்பறவை சேர்த்துக்கொள்ளாது என்றும் கூறியது. குஞ்சுகள் அனாதையாகிவிடக் கூடாதே என்னும் அக்கறையால்தான் அவ்வாறு கூறியது.

அருகிலிருந்த இலுப்பை மரத்தில் மரங்கொத்தி ஒன்று தன் பேடையோடும் மூன்று குஞ்சுகளோடும் வாழ்ந்துவந்தது. மந்தி சொன்னது தவறு என்று அதற்கு ஐயமறத் தெரியும். உடனே பறந்து சென்று பொந்தில் தலையை நுழைத்தது.

"மந்தியக்கா, வாழைப்பழத்தைத் தவிர வேறெதையும் உரித்துப் பார்த்தறியாத தங்களுக்குப் பறவை ஆராய்ச்சி எதற்கு?"

காடே சிரித்தது. நரிகள் ஊளையிட்டுப் பாராட்டின. அந்த ஆரவாரம் மரங்கொத்திக்குத் தேனாய் இனித்தது.

மந்தியும் விடவில்லை. மரத்தில் முட்டி முட்டி மூளை கலங்கியவன் தனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டான் என்று பொந்தில் முழங்கியது. மறுநாள் மரங்கொத்தி மந்தியின் வாலைப் பழித்தது. அதற்கு மறுநாள் அதன் குலத்தையே பழித்தது. காடு இரண்டு கட்சிகளாகப் பிரிந்தது. குஞ்சைப் பற்றிய பேச்சு மட்டும் எங்கோ மறைந்துபோயிற்று.

"அவரும் நம் குஞ்சுகளின் நன்மையை எண்ணித்தானே சொன்னார்? நேரில் போய் அமைதியாக எடுத்துச் சொல்லுங்களேன்" என்றது பேடை.

நாளைக்குப் பார்க்கலாம் என்றது மரங்கொத்தி. அன்று மாலை சொல்ல வேண்டிய புதிய கேலி ஒன்று அதன் நாவில் ஊறிக்கொண்டிருந்தது. இப்படியே பன்னிரண்டு நாள்கள் கழிந்தன.

பதின்மூன்றாம் நாள் முற்பகலில் மரங்கொத்தியும் பேடையும் இரை தேடச் சென்றிருந்தன. ஆடிக்காற்று மரங்களை உலுக்கியது. அவை திரும்பி வந்தபோது கூட்டில் இரண்டு குஞ்சுகளே இருந்தன. மரத்தடியில் மந்தி தலைகுனிந்து அமர்ந்திருந்தது. அதன் கையில் ஒரு குச்சி இருந்தது.

நடந்ததை மந்தி தட்டுத்தடுமாறிச் சொல்லிற்று. அவ்வழியே வந்தபோது குஞ்சு கீழே கிடந்ததாம். மந்தி பெற்றோரைக் கூவிக் கூவி அழைத்ததாம். சாரைப்பாம்பு ஒன்று வந்ததாம். குச்சியால் இருமுறை அதை விரட்டியும், மூன்றாம் முறை வேருக்குப் பின்புறமாக வந்து அது குஞ்சைக் கவ்விச் சென்றுவிட்டதாம்.

"கூடு தங்கள் கைக்கெட்டும் உயரத்தில்தானே இருக்கிறது? தூக்கி உள்ளே வைத்திருக்கலாமே, அக்கா?" என்று கதறியது மரங்கொத்தி.

"வைத்திருப்பேன், தம்பி. என் வாடை பட்டால் நீங்கள் அதை ஒதுக்கிவிடுவீர்களே என்று அஞ்சினேன்."

"ஒதுக்கமாட்டோம், அக்கா. சென்ற ஆண்டும் ஒரு குஞ்சு விழுந்தது. மலையணில் ஒன்று அதை வாயால் கவ்விக் கொண்டுவந்து கூட்டில் வைத்தது. நாங்கள் அப்போதே அதற்கு இரை ஊட்டினோம். அது வளர்ந்து நன்றாகப் பறந்தும் போயிற்று."

மந்தி தலைநிமிர்ந்து மரங்கொத்தியைப் பார்த்தது.

"நான் சொன்னது சரிதானா என்று முதல்நாள் எனக்கே ஐயம் இருந்தது. நீ இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். இத்தனை நாள் பேசினாயே, இதை ஏன் சொல்லவில்லை?"

மேலே பேடை, மூன்று வாய்களுக்கென்று கொண்டுவந்த இரையை இரண்டு வாய்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

பிறர் அறியாமையை எள்ளி நகைப்பவர், தாம் அறிந்த உண்மையையும் எவருக்கும் பயன்படாமல் செய்துவிடுவர்.