பழைய சார்ஜர்

திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஷோரூம். அங்கே விற்பனைப் பெண் பிலோமினா. ஏரியா மேனேஜர் சந்திரசூடன் வந்தபோது சொல்லிப் பார்த்தாள்: "சார், பழைய மாடலுக்குச் சார்ஜர் கேட்டுத்தான் கூட்டம் வருது. கொஞ்சம் வாங்கி வைப்போம்."

"இது என்ன காயலான் கடையா? செத்த மாடலுக்கெல்லாம் இங்க இடமில்ல. அதோ, நான் வர்றப்பல்லாம் மத்தியானம் சார்ஜர் கேட்டு வந்து நிக்கிறாரே, அவர் தலையில ஒரு புது லேப்டாப்பைக் கட்டு. முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

பிலோமினா போனாள். அந்த மனிதர் பழைய லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்து நின்றார். எதிரே அணைந்திருந்த ஒரு லேப்டாப்பின் கறுப்புத் திரையில் அவள் உருவம் தெரிந்தது. அவர் உருவம் தெரியவில்லை. மெல்லப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"வாங்கிக்கிறாராம் சார். ஆனா மேனேஜரே வீட்டுக்கு வந்து மாட்டித் தருவார்னு நம்ம விளம்பரத்துல இருக்காமே. நீங்க வரணுமாம்."

"தாராளமா வர்றேன்! வீடு எங்க?"

"சுடுகாட்டுல, மேற்கு மூலை. இப்பவே கூட்டிட்டுப் போறாராம்."

சந்திரசூடன் சிரித்தார். தோளில் சில்லென்று ஒரு கை விழுந்தது. திரையைப் பார்த்தார். அதில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"அவர் கேட்ட சார்ஜரைக் கொடு! எங்கிருந்தாவது வாங்கிக் கொடு!"

பிலோமினா தன் பையிலிருந்த பழைய சார்ஜரை நீட்டினாள். "எம் மக போட்டோ இந்த லேப்டாப்புலதாம்மா இருக்கு," என்றவர், கதவைத் திறக்காமலே போய்விட்டார்.

மறுநாள் ஓர் அலமாரி நிறையப் பழைய சார்ஜர்கள் வந்து இறங்கின. மத்தியானம் வாசலில் நீண்ட வரிசை. கண்ணாடிக் கதவில் ஒருவர் உருவமும் விழவில்லை.

"சொன்னேனே சார், பழசுக்குத்தான் கூட்டம்னு," என்றாள் பிலோமினா.