இரண்டு கடலை மிட்டாய் நேரம்

"பதினோரு நாளா இந்தக் காட்டு ரோட்டுல ஓட்டறேன் அம்மிணி. ஒரு ராத்திரி தப்பாம ஏதாவது ஒண்ணு குறுக்க வந்து நிக்குது. உன்ற வண்டிக்கு மட்டும் எல்லாம் வழி விடுது. அது என்ன ரகசியம்?"

நாச்சிமுத்து இப்படிக் கேட்டபோது அவருடைய பால் வண்டியின் இடது பக்க விளக்கு உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோதியது ஒரு காட்டுப்பன்றி. பன்றி எழுந்து உதறிக்கொண்டு போய்விட்டது. நாலு கேன் பால்தான் ரோட்டோடு போச்சு.

துளசிமணி டீயை ஆற்றிக்கொண்டே அந்த விளக்கைப் பார்த்தாள்.

மலை ஊர்களில் சாயங்காலம் கறக்கிற பாலை ராத்திரியோடு ராத்திரியாக அடிவாரத்து சொசைட்டிக்குக் கொண்டு சேர்ப்பது இரண்டே வண்டிகள். ஒன்று துளசிமணியுடையது. அவளுக்கு வயது முப்பத்து மூன்று. ஒன்பது வருஷமாக ஓட்டுகிறாள், வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

இன்னொன்றைத்தான் நாச்சிமுத்து எடுத்திருந்தார். அவருக்கு ஐம்பத்து நாலு. கோயம்புத்தூரில் இருபத்தாறு வருஷம் வாடகைக் கார் ஓட்டிவிட்டு, மகளுக்காக ஊருக்கே வந்துவிட்டவர். மனிதருக்கு ஹாரன்தான் தாய்மொழி.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. பெரிய லைட்டைப் போட்டுட்டுப் போறீங்களா?"

"பின்னே? போடாம எப்படி வழி தெரியும்?"

"வாங்க."

சொசைட்டிக்குப் பின்னால் ஒரு இருட்டு மைதானம். அதன் நடுவில் அவரை நிறுத்திவிட்டு அவள் போய்த் தன் வண்டியில் ஏறினாள். பெரிய லைட்டை அவர் முகத்தில் போட்டாள். ஹாரனையும் அமுக்கினாள், கையை எடுக்கவே இல்லை.

"ஓரமாப் போங்ணா."

நாச்சிமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். மைதானத்தில் ஒரு பக்கம் பள்ளம் உண்டு. அது ஞாபகம் இருந்தது, எந்தப் பக்கம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

"எந்தப் பக்கம் அம்மிணி? ஒண்ணும் தெரியலையே."

"போங்ணா, போங்ணா. எத்தன நேரமாச் சொல்றேன்."

"தெரியலைங்கறேன்ல."

அழுதுவிடுவார் போல இருந்தது. அப்புறம்தான் ஹாரன் நின்றது. வெளிச்சம் தாழ்ந்தது.

கொஞ்ச நேரத்தில் புல் தெரிந்தது. பள்ளம் தெரிந்தது. தன் செருப்பும் தெரிந்தது. நாச்சிமுத்து அவர் பாட்டுக்கு நடந்து ஓரம் போனார்.

"அவ்வளவுதானுங்ணா," என்று துளசிமணி இறங்கி வந்து மிச்ச டீயைக் குடித்தாள்.

மறுநாள் அவர் வண்டி பட்டறையில் கிடந்தது. இரண்டு வண்டிப் பாலையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் அவரையும் ஏற்றிக்கொண்டாள் துளசிமணி.

"வீட்டுல மைதிலி சாப்பிடறாளாங்ணா?"



மைதிலி நாச்சிமுத்துவின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து ஒற்றைப் பையோடு தனியாக வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று இந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

"காத்தால கேக்கறேன், மத்தியானம் கேக்கறேன் அம்மிணி. என்ன நடந்துது, அவன் கை நீட்டினானா, நீ ஏதாச்சும் எடுத்தெறிஞ்சு பேசினயா, சொல்லு சொல்லுன்னு கேக்கறேன். செவுத்தோட ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்கறா. ஞாயித்துக்கெழம அவங்க வீட்டு ஆளுக கூட்டிட்டுப் போக வர்றாங்க. நான் என்ன சொல்லட்டும்? அனுப்பறதா, வேண்டாமா? பெத்த புள்ள மனசுல என்ன இருக்குதுன்னு தெரியாத தகப்பனாப் போயிட்டேனே."



மூன்றாவது வளைவில் ஒரு பெண் மான் நடு ரோட்டில் நின்றது. துளசிமணி வெளிச்சத்தைத் தாழ்த்தினாள். வண்டியை அணைத்தாள். நாச்சிமுத்துவின் கை தன்னால் ஹாரன் பக்கம் போக, செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

மான் காதை ஆட்டியது. நிதானமாக ரோட்டைக் கடந்து புதருக்குள் போனது.

"போயிடுச்சு. எடு அம்மிணி."

அவள் எடுக்கவில்லை. முன்னால் இருந்த டப்பாவைத் திறந்து கடலை மிட்டாய் ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"தின்னுங்ணா."

"இப்ப எதுக்கு இது?"

"ஒண்ணு தாண்டுச்சுன்னா, ரெண்டு மிட்டாய் தின்னு முடிக்கற வரைக்கும் நிக்கோணும். இது என்ற கணக்கு."

முதல் மிட்டாய் முடிந்தது. ரோட்டில் ஒன்றையும் காணோம். நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதை வாங்கினார். பாதி தின்றிருப்பார், ஒரு குட்டி தட்டுத்தடுமாறி ரோட்டுக்கு வந்தது. வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாய் போன வழியே துள்ளி ஓடியது.



"எப்பவும் குட்டி வருமா?"

"பல நாள் வராதுங்ணா."

"வராத நாள்ல?"

"மிட்டாய் தின்ன மாதிரி இருக்கும்," என்று சாவியைத் திருப்பினாள்.

சனிக்கிழமை ராத்திரி. விடிந்தால் ஞாயிறு.

மகளை வீட்டில் தனியாக விட நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. "துணைக்கு வா கண்ணு," என்று பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்த தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மைதிலி பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று உள்ளே இருந்த சின்ன விளக்கைப் போட்டார்.

"கண்ணு, நாளைக்கு வர்றாங்க. இப்பவாச்சும் சொல்லு. அவன் என்ன பண்ணினான்? அத்தைக்காரி ஏதாச்சும் பேசினாளா? இல்ல, தப்பு உன்ற பேர்லயா? சொன்னாத்தானே எனக்குத் தெரியும். சொல்லு சாமி."

மைதிலி துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டாள். கண் எங்கேயும் அசையவில்லை. உடம்பும் அசையவில்லை.

நாச்சிமுத்து மேலே கேட்க வாயைத் திறந்தார். அவருக்கு அந்த மைதானம் ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டார். கையை நீட்டி உள் விளக்கை அணைத்தார்.

அதற்கப்புறம் ஆறு கிலோமீட்டர். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் இவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டு ஓட்டியது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வளைவில் ஒரு மான் நின்றது. வெளிச்சத்தைத் தாழ்த்தி வண்டியை அணைத்தார். மான் யோசித்துப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. வண்டி நின்றபடியே இருந்தது.

"போயிடுச்சேப்பா," என்றாள் மைதிலி.

மூன்று வாரத்தில் யாரும் கேட்காமல் அவளாக வாய் திறந்து சொன்னது அதுதான். நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் பிழைத்தார்.

"இருக்கட்டும் கண்ணு. இந்தா."

கடலை மிட்டாயைக் கொடுத்தார். தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி தின்றார்கள்.

"அப்பா."

"ம்."

"நாளைக்கு என்னை அவங்களோட அனுப்பிராதப்பா."

ஏன் என்ற கேள்வி அவருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மிச்ச மிட்டாயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டார்.

"அனுப்பல கண்ணு."

மைதிலி அவர் பக்கம் திரும்பினாள். இன்னும் ஏதோ கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"வண்டியை எடுக்கலையாப்பா? பால் திரிஞ்சிரும்."

"திரிஞ்சாத் திரியட்டும். இன்னொண்ணு இருக்குது, தின்னு."

குட்டி எதுவும் வரவில்லை. மைதிலி இரண்டாவது மிட்டாயைப் பாதி தின்று, மீதியைக் கையில் வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.